பொன் முலாம் பூசிய ஈய அங்கி: மகாகவி தாந்தேயின் வாழ்க்கை

குருமாரின் குறைகளைப் பற்றிப் பேசலாமா என்ற கேள்வி நமது வீடுகளில் இடைக்கிடை எழுவதுண்டு. பேசினால் திருச்சபைக்கு இழுக்கு என்று சிலர் வாயை மூடிக்கொள்வர். வேறு சிலரோ ஒரு குருவானவரின் குற்றத்தைக் கண்ட மாத்திரத்தில் பூசைக்குப் போவதையே நிறுத்திவிடுவர். இவ்விரு வழிகளிலும் போகாத ஒருவர் 13ஆம், 14ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலி நாட்டில் வாழ்ந்தார். பொருளாசை கொண்ட பாப்பரசர்களை இன்னார் என்று யாவரும் அறியும்படி அவர் நரகத்தில் வைத்துப் பாடினார். ஆயினும் இறுதி மூச்சு வரை திருச்சபையின் பிள்ளையாகவே இருந்தார். அவர் மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்தபின் பாப்பரசர்களே அவருக்கு முடி சூட்டினர். அவர்தான் உலக மகாகவிகளுள் ஒருவராகிய தாந்தே அலிகியேரி.

அருளப்பர் கோவில் பிள்ளை

தாந்தே 1265ஆம் ஆண்டில் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். அந்நகரின் பாதுகாவலர் ஸ்நாபக அருளப்பர். அவர் பெயரால் அமைந்த எண்கோண வடிவமான ஆலயத்தில்தான் புளோரன்சிற் பிறந்த குழந்தைகள் ஞானஸ்நானம் பெற்றனர். தாந்தேயும் அங்குதான் ஞானஸ்நானம் பெற்றார். அந்த ஞானஸ்நானத் தொட்டியை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. பின்னால் நாம் காணவிருப்பதுபோல, அவர் பாடிய நரகத்திலும் அது வருகிறது; அவர் பாடிய மோட்சத்திலும் வருகிறது.

புளோரன்ஸ் அக்காலத்தில் கம்பளி வியாபாரத்தாலும் வட்டிக் கடைகளாலும் செழித்த பட்டணம். 1252இல் அந்நகர் வெளியிட்ட புளோரின் என்னும் பொற்காசு ஐரோப்பா எங்கும் செல்லுபடியாயிற்று. அக்காசின் ஒரு பக்கத்தில் லீலி மலரும், மறு பக்கத்தில் அருளப்பரின் உருவமும் பொறிக்கப்பட்டிருந்தன. வனாந்தரத்தில் ஒட்டக மயிர் உடுத்தி, வெட்டுக்கிளியும் காட்டுத் தேனும் உண்டு வாழ்ந்த தபசியின் உருவம் பணத்திற்கு முத்திரையாயிற்று. இதிலுள்ள முரண்பாட்டைத் தாந்தே மனத்திற் குறித்துக்கொண்டார்.

சிறு வயதில் தாயையும், பின்னர் தந்தையையும் இழந்த அவர், ஒன்பதாம் வயதில் பெயாத்ரிச்சே என்னும் சிறுமியைக் கண்டார். அந்தப் பெண்ணின் மேல் அவர் வைத்த தூய அன்பு அவருடைய கவிதைக்கு ஊற்றாயிற்று. பெயாத்ரிச்சே 1290இல் இளம் வயதிலேயே காலமானார். துயரத்தில் மூழ்கிய தாந்தே, துறவியர் நடத்திய கல்விக்கூடங்களுக்குச் சென்று மெய்யியலும் இறையியலும் கற்றார். அப்போது புளோரன்சில் புனித சாமிநாதர் சபையாரும், ஐந்துகாய பிரான்சிஸ்கு சபையாரும் பேர்பெற்ற மடங்களை வைத்திருந்தனர். நல்ல துறவி எப்படிப்பட்டவர் என்பதை நேரில் அறிந்திருந்தவராதலால், தவறிய துறவியைக் கண்டபோது அவர் மனம் அதிகமாகக் கொதித்தது.

அவர் ஜெம்மா தொனாத்தி என்னும் குலமகளை மணந்தார். பியேத்ரோ, யாக்கொப்போ, அந்தோனியா முதலிய பிள்ளைகள் பிறந்தனர். 1289இல் கம்பல்தீனோப் போர்க்களத்தில் குதிரைப் படையில் நின்று நகருக்காகப் போராடினார். 1295இல் வைத்தியரும் மருந்து வியாபாரிகளும் சேர்ந்த சங்கத்தில் அங்கத்தவராகி அரசியலிற் புகுந்தார். ஏதாவதொரு சங்கத்தின் அங்கத்தவரே நகரில் உயர்ந்த பதவி வகிக்கலாம் என்பது அன்றைய சட்டம்.

இரண்டு மாதப் பதவி, இருபது வருடத் துன்பம்

1300ஆம் ஆண்டு யூன் நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் நடுப்பகுதி வரை, நகரை ஆண்ட ஆறு பேருள் ஒருவராகத் தாந்தே பணியாற்றினார். பதவிக் காலம் இரண்டு மாதங்களே. அப்பொழுது நகர மக்கள் கறுப்பர் என்றும் வெள்ளையர் என்றும் இரு கட்சிகளாகப் பிரிந்து தெருவிற் சண்டையிட்டனர். அமைதியை நிலைநாட்ட, இரு கட்சிகளின் தலைவர்களையும் நகரை விட்டு வெளியேற்ற ஆட்சியாளர் தீர்மானித்தனர். வெளியேற்றப்பட்டவர்களுள் ஒருவர் தாந்தேயின் உற்ற நண்பரும் கவிஞருமான குவிதோ கவல்காந்தி. போன இடத்தில் நோயுற்ற அவர், திரும்பி வந்த சில நாட்களில் இறந்துபோனார். நண்பன் என்பதற்காகத் தாந்தே நீதியை வளைக்கவில்லை. பின்னாளில் பாப்பரசர்களுக்கு நியாயத்தீர்ப்பு எழுதப்போகும் கையின் உறுதி இங்கேயே தெரிகிறது.

அவ்வேளை உரோமையில் ஆட்சி செய்தவர் பாப்பரசர் 8ஆம் பொனிபாஸ். 5ஆம் செலஸ்தீன் என்னும் தபசி பாப்பரசர் பதவியைத் துறந்தபின், 1294இல் இவர் தெரிவு செய்யப்பட்டார். சட்டத்தில் வல்லவர், இரும்பு மனம் கொண்டவர். 1300இல் முதலாவது யூபிலி ஆண்டைப் பிரகடனம் செய்து, திரளான யாத்திரிகரை உரோமைக்கு அழைத்தவர் இவரே. உரோமைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவரும் இவரே. ஆனால் தம் சொந்தக் குடும்பத்தைச் செல்வாக்கில் உயர்த்தினார் என்றும், புளோரன்ஸ் நகரைத் தம் ஆதிக்கத்துள் கொண்டுவர விரும்பினார் என்றும் அவர்மீது குறை கூறப்பட்டது.

1301இல் தாந்தே தூதுக்குழுவில் ஒருவராக உரோமைக்குச் சென்றார். அவர் அங்கிருந்தபோது, சமாதானம் செய்யவென்று பாப்பரசர் அனுப்பிய பிரெஞ்சு இளவரசர் வலுவா சார்ள்ஸ் நவம்பர் மாதத்தில் புளோரன்சினுள் நுழைந்தார். சமாதானம் வரவில்லை. அவர் நிழலில் கறுப்புக் கட்சியினர் ஆட்சியைக் கைப்பற்றி, வெள்ளையரின் வீடுகளைக் கொள்ளையிட்டனர்.

1302ஆம் ஆண்டு தை 27ஆந் திகதி தாந்தேயின் மேல் தீர்ப்பு விழுந்தது. குற்றம் என்ன தெரியுமா? இலஞ்சம் வாங்கினார், பதவியைப் பயன்படுத்திப் பணம் சேர்த்தார் என்பது! 5000 புளோரின் அபராதமும், இரண்டு வருட நாடுகடத்தலும் விதிக்கப்பட்டன. இனிமேல் அவர் எந்தப் பதவியும் வகிக்க முடியாது என்றும் கூறப்பட்டது. அவர் வரவும் இல்லை, பணம் கட்டவும் இல்லை. பங்குனி 10ஆந் திகதி தீர்ப்புக் கடுமையாக்கப்பட்டது. அகப்பட்டால் உயிரோடு எரித்துக் கொல்லவேண்டும் என்பதே அது. பொருளாசையை வாழ்நாள் முழுவதும் வெறுத்த மனிதன், பொருளாசைக் குற்றவாளி என்ற பெயரோடு வீடிழந்தான். அன்று முதல் சாகும்வரை அவர் புளோரன்சைக் காணவில்லை.

வீடில்லாக் கவியின் காவியம்

அதன்பின் தாந்தே ஊர் ஊராய் அலைந்தார். பிரபுக்களின் மாளிகைகளில் விருந்தாளியாக, எழுத்தனாக, தூதனாக வாழ்ந்தார். வெரோனா நகரை ஆண்ட ஸ்கலா குடும்பத்தார் அவரை ஆதரித்தனர். இந்த அலைச்சலின் நடுவில்தான் 100 காண்டங்களும் 14,233 அடிகளும் கொண்ட பெருங்காவியத்தை அவர் எழுதி முடித்தார். அதற்கு அவர் இட்ட பெயர் கொம்மேதியா என்பதே. தெய்வீகம் என்னும் அடைமொழி பின்னால் வந்தது. கற்றோரின் இலத்தீன் மொழியை விட்டு, வீட்டிலும் சந்தையிலும் மக்கள் பேசிய மொழியிலேயே பாடினார். சந்தையிற் பேசும் மொழியிற் பாடியதனால், அவருடைய கண்டனமும் சாதாரண மக்களின் காதுக்கு எட்டியது.

கதை 1300ஆம் ஆண்டு பரிசுத்த வாரத்தில் நடக்கிறது. இருண்ட காட்டில் வழிதவறிய தாந்தேயை, உரோமைப் பழங்கவி வெர்ஜில் நரகத்தின் வழியாகவும் உத்தரிக்கிற ஸ்தலத்தின் வழியாகவும் கூட்டிச் செல்கிறார். பின்னர் பெயாத்ரிச்சே மோட்சத்திற்கு அழைத்துச் செல்கிறாள். தொடக்கத்திலேயே மூன்று விலங்குகள் வழிமறிக்கின்றன. அவற்றுள் மிகக் கொடியது எலும்பும் தோலுமான ஒரு பெண் ஓநாய். எவ்வளவு தின்றாலும் முன்னிலும் அதிகமாகப் பசிக்கும் அந்த ஓநாயைப் பேராசை என்றே உரையாசிரியர் பலரும் விளக்குவர்.

நரகத்தின் நாலாம் வட்டத்தில் லோபிகளும் ஊதாரிகளும் பாரமான சுமைகளை நெஞ்சால் தள்ளி, ஒருவரோடொருவர் மோதிக்கொண்டிருக்கின்றனர். லோபிகளின் கூட்டத்தில் உச்சி மழித்த தலைகள் பல தெரிகின்றன. அவர்கள் குருமாரும் கர்தினால்மாரும் பாப்பரசர்களும் என்று வெர்ஜில் விளக்குகிறார். ஆனால் ஒருவரையும் முகம் கண்டு அறிய முடியவில்லை. பணத்தையே பார்த்துப் பார்த்து அவர்களுடைய முகங்கள் அடையாளம் இழந்துவிட்டனவாம்.

தலைகீழாய் நின்ற பாப்பரசர்

இன்னும் கீழே போகும்போது, ஞானக் காரியங்களை விலைபேசியோரின் இடம் வருகிறது. மந்திரவாதி சீமோன் என்பவன் பரிசுத்த ஆவியின் வல்லமையைப் பணம் கொடுத்து வாங்க அப்போஸ்தலர்களிடம் வந்ததை அப்போஸ்தலர் பணி நூலின் 8ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். திருநிலைகளையும் பதவிகளையும் விற்கும் பாவத்திற்கு அவன் பெயரே நிலைத்துவிட்டது.

அங்கே கற்பாறையில் வட்டமான குழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு குழியிலும் ஒருவன் தலைகீழாகப் புதைந்திருக்க, வெளியே நீட்டிய உள்ளங்கால்களில் நெருப்பு எரிகிறது. அக்குழிகள் புளோரன்சின் அருளப்பர் ஆலயத்தில் ஞானஸ்நானம் கொடுக்கும் குருமார் நிற்கும் குழிகளின் அளவானவை என்று தாந்தே கூறுகிறார். அவற்றுள் ஒன்றில் மூழ்கவிருந்த ஓர் ஆளைக் காப்பாற்ற அதைத் தாமே ஒருமுறை உடைத்ததையும் அங்கே நினைவுகூருகிறார். தலையில் தண்ணீர் வார்த்துப் பிள்ளைகளைப் பிறப்பிக்க வேண்டியவர்கள், இங்கே காலில் நெருப்பு எரியத் தலைகீழாய் நிற்கின்றனர். திருவருட்சாதனத்தைத் தலைகீழாக்கியவர்களுக்கு ஏற்ற தண்டனை!

ஒரு குழியில் இருப்பவர் 1277 முதல் 1280 வரை ஆட்சி செய்த பாப்பரசர் 3ஆம் நிக்கலஸ். ஓர்சினி குடும்பத்தவரான அவர் தம் உறவினரை உயர்த்துவதிற் காட்டிய அக்கறைக்காக இங்கே வேகிறார். காலடி ஓசை கேட்டதும், வந்திருப்பவர் பொனிபாஸ் என்று எண்ணி, நேரத்திற்கு முன்னரே வந்துவிட்டீரே என்று வியக்கிறார். கதை நடக்கும் 1300இல் பொனிபாஸ் உயிரோடிருந்தார் அல்லவா? அவரையும், அவருக்குப்பின் பாப்பரசர் பீடத்தைப் பிரான்சின் பக்கம் கொண்டு சென்ற 5ஆம் கிளமென்றையும் அக்குழி எதிர்பார்த்துக் காத்திருக்கிறது என்று தாந்தே மறைமுகமாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிக்கலசைக் கடிந்து பேசும் தாந்தே, இன்னும் கடுமையான வார்த்தைகள் தம் வாயில் இருந்தும், பரலோகத் திறவுகோல்கள்மேல் தாம் வைத்த மரியாதை தம்மைத் தடுக்கிறது என்கிறார். ஆள் வேறு, பதவி வேறு என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

வெளியே பொன், உள்ளே ஈயம்

வெளிவேடக்காரரின் இடம் இக்காவியத்தில் மறக்க முடியாத காட்சி. துறவிகள் அணிவதுபோன்ற, கண்களை மறைக்கும் முக்காடுள்ள அங்கிகளை உடுத்திய ஒரு கூட்டம் மெல்ல மெல்ல நடந்து வருகிறது. அங்கிகள் வெளியே பொன்னாக மின்னுகின்றன. உள்ளேயோ முழுவதும் ஈயம். அந்தப் பாரத்தின்கீழ் அவர்கள் அழுதுகொண்டு, நித்தியத்திற்கும் நடந்துகொண்டே இருக்கின்றனர். வெளிவேடம் செய்பவனுக்கு முதற் சுமை அந்த வேடமே என்பதை இதைவிட நன்றாக விளக்க முடியுமா?

அக்கூட்டத்தில் பொலோஞ்ஞா நகரத்துத் துறவிகள் இருவர் தாந்தேயோடு பேசுகின்றனர். கத்தலானோ, லொதெரிங்கோ என்பவை அவர்கள் பெயர்கள். பகைத்த குடும்பங்களைச் சமாதானப்படுத்தவும் எளியோரைக் காக்கவும் 1261இல் தேவமாதாவின் பெயரால் உண்டான ஒரு சபையைச் சேர்ந்தவர்கள். அச்சபையார் வசதியாக வாழ்ந்தமையால், மக்கள் அவர்களை இன்பத் துறவிகள் என்று கேலியாக அழைத்தனர். 1266இல் இவ்விருவரையும் நடுவர்களாக அழைத்துப் புளோரன்ஸ் நகரின் ஆட்சியை ஒப்படைத்தனர். அவர்கள் காலத்தில் சமாதானம் வரவில்லை. ஒரு கட்சியினரின் வீடுகள் இடிக்கப்பட்டதுதான் மிச்சம். அவர்கள் நடந்து செல்லும் பாதையில், பிரதான குரு கைப்பாஸ் தரையிற் சிலுவையாக அறையப்பட்டுக் கிடக்கிறான். வெளிவேடக்காரர் ஒவ்வொருவரும் அவனை மிதித்துக்கொண்டே போகின்றனர்.

இன்னோர் இடத்தில் மொந்தேபெல்த்ரோப் பிரபு குவிதோ வருகிறார். சூழ்ச்சியிற் பெயர்பெற்ற தளபதியாகிய அவர், முதுமையில் எல்லாவற்றையும் விட்டு, 1296இல் பிரான்சிஸ்கு சபையிற் சேர்ந்தார். தாந்தே சொல்லும் கதைப்படி, தம் பகைவரின் கோட்டையாகிய பலெஸ்திரீனாவைப் பிடிக்க வழி கேட்டுப் பொனிபாஸ் அவரிடம் வந்தார். செய்யப்போகும் பாவத்திற்கு முன்கூட்டியே மன்னிப்பும் கொடுத்தார். பொய் வாக்குறுதி கொடுத்து ஏமாற்றும்படி துறவி ஆலோசனை சொன்னார். அவர் இறந்தபோது புனித பிரான்சிஸ் அவரை அழைத்துப்போக வந்தார். ஆனால் ஒரு பிசாசு இடைமறித்தது. மனஸ்தாபம் இல்லாமல் மன்னிப்பு இல்லை. ஒரு பாவத்தைச் செய்ய விரும்பிக்கொண்டே அதற்காக மனஸ்தாபப்படவும் முடியாது என்று அது நியாயம் பேசியது. பாவசங்கீர்த்தனத்தைப் பற்றிய சத்தியத்தைப் பிசாசின் வாயால் கேட்க நேர்ந்தது அந்தத் துறவிக்கு! இதே குவிதோவின் துறவு வாழ்வைத் தாந்தே தமது முந்திய நூலொன்றிற் புகழ்ந்திருந்தார் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. சரித்திர ஆசிரியர் எல்லோரும் இக்கதையை ஏற்றுக்கொள்வதில்லை. பொனிபாஸ் மேல் தாந்தேக்குச் சொந்தக் கோபமும் இருந்தது என்பதை வாசகர் மறக்கக்கூடாது.

மண்ணில் முகம் புதைத்தவர்

தாந்தே எல்லாப் பாப்பரசர்களையும் நரகத்தில் தள்ளினார் என்று சிலர் சொல்வது தவறு. உத்தரிக்கிற ஸ்தலத்தில் அவர் சந்திக்கும் ஒரு பாப்பரசரின் கதை நெஞ்சை உருக்குவது. 1276இல் 38 நாட்கள் மாத்திரமே பாப்பரசராக இருந்த 5ஆம் அதிரியான் அவர். பொருளாசைக்காகப் பரிகாரம் செய்வோர் அங்கே கை கால் கட்டப்பட்டு, முகம் மண்ணிற் படக் கிடக்கின்றனர். உலகில் வாழ்ந்தபோது கண்களை மண்ணிலிருந்து மேலே உயர்த்தாதவர்கள் அல்லவா? உலகில் ஏறக்கூடிய ஆக உயர்ந்த படியில் ஏறிய பின்பும் தம் இதயம் அமைதி அடையவில்லை என்பதைக் கண்டபோதுதான் தமக்குக் கண் திறந்தது என்று அதிரியான் கூறுகிறார். தாந்தே உடனே முழங்காற்படியிடுகிறார். எழுந்திரும், நாம் இருவரும் ஒரே ஆண்டவரின் ஊழியர்களே என்று தடுக்கிறார் அந்தப் பாப்பரசர். பேராசை மன்னிக்கப்படாத பாவம் அல்ல. மனந்திரும்பாமைதான் நரகம் என்பது இக்காட்சியின் போதனை.

தாந்தே தம்மையும் விட்டுவைக்கவில்லை. அகங்காரிகள் பாறைகளைச் சுமக்கும் முதலாம் படியில் தாமும் ஒருநாள் நிற்க வேண்டிவரும் என்று அஞ்சுகிறார்.

எதிரிக்காக அழுத இதயம்

1303ஆம் ஆண்டு புரட்டாதி 7ஆந் திகதி பிரெஞ்சு அரசன் 4ஆம் பிலிப்பின் ஆட்கள், பொனிபாசின் குடும்பப் பகைவரான கொலொன்னா வம்சத்தாரோடு சேர்ந்து, அனாக்னி நகரிலிருந்த பாப்பரசரின் மாளிகையிற் புகுந்தனர். முதிய வயதினரான பாப்பரசரைச் சிறைப்படுத்தி அவமானப்படுத்தினர். நகர மக்கள் திரண்டு அவரை மீட்டபோதிலும், அந்த அதிர்ச்சியிலிருந்து அவர் மீளவில்லை. அடுத்த மாதமே இறந்தார்.

தம்மை வீடற்றவராக்கிய எதிரி வீழ்ந்தான் என்று தாந்தே மகிழ்ந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பாடும் பகுதியில் இந்நிகழ்ச்சியைக் குறிப்பிடும்போது, கிறிஸ்துநாதரே தம் பிரதிநிதியின் உருவில் மறுபடியும் பிடிபட்டார் என்றும், மறுபடியும் பரிகசிக்கப்பட்டார் என்றும், கள்ளர் நடுவே மறுபடியும் கொல்லப்பட்டார் என்றும் புலம்புகிறார். பிரெஞ்சு அரசனைப் புதிய பிலாத்து என்கிறார். எந்த மனிதனுக்கு நரகத்தில் ஒரு குழியை ஒதுக்கினாரோ, அதே மனிதனுடைய பதவிக்காக அழுகிறார். குருமாரைக் கண்டிக்க விரும்பும் எவரும் முதலிற் படிக்கவேண்டிய பக்கம் இதுவே.

மோட்சத்திலும் கண்டனம் ஓயவில்லை. புனித சாமிநாதர் சபையைச் சேர்ந்த அக்குவினா தோமையார், ஐந்துகாய பிரான்சிஸ் தரித்திரம் என்னும் மணமகளைக் கைப்பிடித்த வரலாற்றைப் புகழ்கிறார். பிறகு தம் சொந்தச் சபையார் மேய்ச்சலை விட்டு வழிதவறியதைச் சொல்லி வருந்துகிறார். பிரான்சிஸ்கு சபையைச் சேர்ந்த புனித பொனவெந்தூர், சாமிநாதரைப் புகழ்ந்து, தம் சபையாரின் குறையைச் சொல்கிறார். மற்றச் சபையைப் புகழ்ந்து தன் சபையைத் திருத்தும் இந்த முறை எவ்வளவு அழகானது! பிரசங்க மேடையில் பகிடி சொல்லி, சனங்கள் சிரித்தாற் போதும் என்று திருப்திப்படும் பிரசங்கிகளையும், பெறுமதியற்ற மன்னிப்புகளை விற்போரையும் பெயாத்ரிச்சே சாடுகிறாள். இனி, அருளப்பர் மேல் எனக்கு அத்தனை பக்தி, ஆதலால் இராயப்பரும் சின்னப்பரும் யாரென்று தெரியாது என்று சொல்லும் ஒரு பாப்பரசரைத் தாந்தே கேலி செய்கிறார். அந்தப் பக்தி பொற்காசில் உள்ள அருளப்பர்மேல் வைத்த பக்தி என்பது புளோரன்ஸ் வாசிகளுக்கு உடனே விளங்கியிருக்கும். முடிவில் புனித இராயப்பரே, தம் ஆசனம் கெட்டுப்போனதை எண்ணி, முகம் சிவந்து பேசுகிறார். அப்போது மோட்சம் முழுவதுமே வெட்கத்தாற் சிவக்கிறது.

வேண்டாம் என்ற மன்னிப்பு

பேரரசர் 7ஆம் ஹென்றி இத்தாலிக்கு வந்து அமைதியை உண்டாக்குவார் என்று தாந்தே பெரிதும் நம்பினார். 1313இல் ஹென்றி நோயால் இறக்க, அந்த நம்பிக்கையும் போயிற்று. மறு வருடம் 5ஆம் கிளமென்ற் இறந்தபோது, அவர் இத்தாலியக் கர்தினால்மாருக்குக் கடிதம் எழுதி, உரோமையை விதவையாக விடாதீர்கள் என்று மன்றாடினார். பாப்பரசர்கள் 1309 முதல் பிரான்சிலுள்ள அவிஞ்ஞோனில் தங்கியிருந்த காலம் அது.

1315இல் புளோரன்ஸ் பொது மன்னிப்பு வழங்கியது. நிபந்தனை இதுதான்: குறைந்த அபராதத் தொகையைக் கட்டவேண்டும், குற்றவாளியாகத் தன்னை அருளப்பர் ஆலயத்தில் ஒப்புக்கொடுக்கவேண்டும். எந்த ஆலயத்திற்குத் திரும்பிச் செல்ல ஏங்கினாரோ, அதே ஆலயத்தின் வாசல் திறந்தது. ஆனால் செய்யாத குற்றத்தைச் செய்ததாக வேடம் போட்டு உள்ளே போக அவர் மறுத்தார். ஈய அங்கியைப் பாடியவர் தாமே அதை உடுத்தவில்லை. அவ்வாண்டே அவருக்கும், இம்முறை அவருடைய புதல்வர்களுக்கும், மரண தண்டனை மீண்டும் விதிக்கப்பட்டது.

தம் காவியத்தின் பெருமையால் என்றாவது புளோரன்ஸ் தம்மை அழைக்கும், அந்த ஞானஸ்நானத் தொட்டியின் அருகே கவி முடி சூடலாம் என்று மோட்சப் பகுதியில் அவர் பாடினார். அது அவர் வாழ்நாளில் நிறைவேறவில்லை.

திருச்சிலுவைத் திருநாளில் மரணம்

கடைசி வருடங்களை ரவென்னா நகரில், அதன் ஆட்சியாளர் குவிதோ நொவெல்லோவின் ஆதரவிற் கழித்தார். பிள்ளைகளும் அங்கு வந்து சேர்ந்தனர். மகள் அந்தோனியா அந்நகரில் கன்னியாஸ்திரியாகி, பெயாத்ரிச்சே என்ற பெயரைத் தரித்துக்கொண்டாள். துறவியரின் குறைகளை அத்தனை கூர்மையாகக் கண்ட தகப்பனின் மகள் துறவு மடத்தில் வாழ்ந்தாள் என்பது சிந்திக்கத்தக்கது.

1321இல் ரவென்னாவின் தூதராக வெனிசுக்குச் சென்று திரும்பும் வழியில் காய்ச்சல் கண்டது. புரட்டாதி 13ஆந் திகதி கழிந்து, திருச்சிலுவையின் மகிமைத் திருநாளாகிய 14ஆந் திகதி பிறக்கும் இரவில் அவர் உயிர் பிரிந்தது. வயது 56. பிரான்சிஸ்கு சபையாரின் ஆலயத்தருகே அடக்கம் செய்யப்பட்டார். புனித பெர்நார்து தேவமாதாவை நோக்கிச் செய்யும் மன்றாட்டோடும், பரிசுத்த திரித்துவத்தின் தரிசனத்தோடும் அவருடைய காவியம் நிறைவு பெற்றிருந்தது.

பகையும் பரிசும்

மரணத்தின் பின்னும் அவருக்கு அமைதி கிடைக்கவில்லை. பேரரசரின் அதிகாரத்தையும் பாப்பரசரின் அதிகாரத்தையும் பிரித்துப் பேசும் மொனார்க்கியா என்னும் அவருடைய நூல், 1329இல் ஒரு கர்தினாலின் கட்டளையால் எரிக்கப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலிற் சேர்ந்த அது, 1881இல்தான் நீக்கப்பட்டது.

புளோரன்சோ தன் மகனின் எலும்புகளையாவது தரும்படி கேட்டது. 1519இல் பாப்பரசர் 10ஆம் சிங்கராயர் அனுமதியும் கொடுத்தார். சிற்பி மிக்கேலாஞ்சலோ கல்லறை அமைத்துத் தர முன்வந்தார். ஆனால் கல்லறையைத் திறந்தபோது உள்ளே எலும்புகள் இல்லை! ரவென்னாவின் பிரான்சிஸ்கு சபைத் துறவிகள் சுவரிலே துவாரமிட்டு அவற்றை எடுத்து ஒளித்துவிட்டனர். 1865இல் ஆலயத்தருகே வேலை செய்தவர்கள் ஒரு மரப்பெட்டியைக் கண்டெடுத்தபோதே அவை வெளிப்பட்டன. தம்மைக் கண்டித்த கவிஞனை அத்துறவிகள் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாகக் காத்து வைத்திருந்தனர்.

1921இல், அவர் இறந்து 600 ஆண்டுகள் நிறைந்தபோது, பாப்பரசர் 15ஆம் ஆசீர்வாதப்பர் தாந்தேயைப் புகழ்ந்து ஒரு சுற்றுமடல் எழுதினார். குருமாரைக் கண்டித்த அவருடைய வார்த்தைகள் சில கடுமையானவை என்பதை மறைக்காமலே, அவருடைய விசுவாசத்தை உலகிற்கு எடுத்துக்காட்டினார். 1965இல், கவிஞரின் 700ஆவது பிறந்த ஆண்டில், பாப்பரசர் 6ஆம் சின்னப்பர் ரவென்னாக் கல்லறைக்குப் பொற்சிலுவை ஒன்றை அளித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கத் தந்தையர்க்குத் தாந்தேயின் காவியத்தைப் பரிசளித்தார். புளோரன்சின் அருளப்பர் ஆலயத்தில் வைக்கும்படி பொன்னாலான கவி முடி ஒன்றையும் அனுப்பினார். 2021இல் பாப்பரசர் பிரான்சிசும் அவரைப் பற்றித் திருமடல் எழுதினார். புளோரன்ஸ் நகரசபை பழைய தண்டனைத் தீர்ப்பை நீக்கத் தீர்மானித்தது 2008இல்தான்.

ஞானஸ்நானத் தொட்டியருகே சூட விரும்பிய முடியை, தாந்தேக்கு அவருடைய ஊர் கொடுக்கவில்லை. இராயப்பரின் ஆசனத்தில் இருந்த ஒருவரே கொடுத்தார். அந்த ஆசனத்தை அசுத்தப்படுத்தியவர்களை அவர் பகைத்தது, அதை நேசித்தபடியால் என்பதைத் திருச்சபை விளங்கிக்கொள்ள நெடுங்காலம் சென்றது. நமது பங்கிலே ஒரு குறையைக் காணும்போது, நாம் பேசுவது நேசத்தாலா, அல்லது கோபத்தாலா? அந்தக் குறை நீங்கவேண்டும் என்று பேசுகிறோமா, அல்லது நாம் கோவிலுக்குப் போகாமல் இருக்க ஒரு சாட்டுத் தேடுகிறோமா? வாயைத் திறக்குமுன் ஒவ்வொருவரும் தம் அங்கியின் உட்புறத்தை ஒருமுறை தடவிப் பார்ப்பது நல்லது.